அடியில்லாத கூடாரம்

பிரேதத்தைத் தூக்க நான்கு பேர் கட்டிலைச் சுற்றிக் குனிந்தபோது அனுஷியா குறுக்கே போய் நின்றாள்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

“என்னத்தைப் பொறுக்கிறது பிள்ளை?” என்றார் கோணேஸ்வரன். செத்துக் கிடக்கும் கதிரவேலோடு ஒரே வள்ளத்தில் ஒரு ஆயுளைக் கழித்த மனிதர். “மழை கூடுதே ஒழியக் குறையேல்ல. பொழுது சாய முதல் கொண்டுபோய்ச் சேர்க்கோணும். ஊரே வள்ளம் இறக்காமல் நிக்குது.”

அது உண்மைதான். ஊரில் பிரேதம் கிடக்கும்போது சல்லிக் கிராமத்துக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது. கடலில் இருக்க வேண்டிய ஆம்பிளைகள் எல்லாரும் அதனால் கதிரவேலின் வீட்டு வளவுக்குள் நின்றார்கள். வேலை இல்லாத மனிதனுக்குக் கண் இரண்டும் நான்காகிவிடும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிலர் லேஞ்சித் துண்டை மூக்கில் வைத்திருந்தார்கள். யாராவது கவனித்தால் அதே லேஞ்சியைக் கண்ணுக்கு நகர்த்தினார்கள். அனுஷியாவுக்கு அவர்கள் எல்லார் மேலும் அருவருப்பாக இருந்தது.

மூக்கைப் பொத்தக் காரணம் இல்லாமல் இல்லை. சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் மாலைகளுக்கும் கீழே இன்னொரு மணம் இருந்தது. அதை அவள் அறிவாள். அது அப்பாவின் இடுப்புக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில் இருந்த புண்ணின் மணம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, படுக்கையோடு ஆன ஏழு மாதத்தில் வந்த புண். முதலில் பொட்டளவு சிவந்திருந்தது. பிறகு தோல் போயிற்று, சதை போயிற்று, கடைசி வாரங்களில் கழுவும்போது உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. காலையும் மாலையும் அவள்தான் கழுவிக் கட்டினாள். வேறு ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. கடலிலிருந்து வந்து ஈரச் சாரம் மாற்றும்போதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிற மனிதன் கதிரவேல். புண் வந்த நாளில் அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். “ஒருத்தருக்கும் காட்டாதை பிள்ளை.”

இப்போது ஊருக்கே காட்டப்போகிறார்கள். கிணற்றடியில் வாங்குப் பலகை போட்டாயிற்று. அதில் கிடத்தி, சுற்றி இரண்டு சேலையைப் பிடித்துக்கொண்டு, ஆம்பிளைகள் குளிப்பாட்டுவார்கள். ஆனால் வடக்கிலிருந்து மார்கழி வாடைக் காற்று அடிக்கிற அடியில் எந்தச் சேலை நிற்கும்? ஒத்திகை போலப் பிடித்துப் பார்த்த ஒரு சேலை ஏற்கெனவே கையை விட்டுப் பறந்து முருங்கை மரத்தில் தொங்கியது. போதாததற்குக் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடையின் கீழ், மூன்று கால் வைத்த தாங்கியில் போனைப் பூட்டிக்கொண்டு நின்றான் மாமியின் மகன் இராகுலன்.

“கெதியாக் கொண்டாங்கோ, லண்டன் சொந்தக்காரர் லைவில பாத்துக்கொண்டிருக்கினம்,” என்று கிணற்றடியிலிருந்து கத்தினான். கலியாண வீட்டில் பொம்பிளை அழைக்கிறவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

பிரேதத்தின் தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த புஸ்பராணி மாமி அந்த இடைவெளியில் அழுகையை நிறுத்தினாள். அப்பாவின் உடன்பிறந்த தங்கை. ஏழு மாதத்தில் இரண்டு முறை டவுனிலிருந்து வந்து, இரண்டு முறையும் வாசலோடு நின்று, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனவள்.

“முதுகில பெரிய புண்ணாம் எண்டு கேள்விப்பட்டன்,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “பாவம், கவனிக்க ஏலாமல் விட்டிட்டியோ பிள்ளை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அனுஷியாவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. பிரேதம் கிடக்கிற வீட்டில் வாயைத் திறந்தால் தான் நிறுத்த மாட்டாள் என்று தெரிந்து விழுங்கிக்கொண்டாள். கூட்டத்தின் கண்கள் அப்பாவின் முதுகுப் பக்கம் நகர்வதை மட்டும் பார்த்தாள்.

அவள் தம்பி லதீசன் மூலையில் குந்தியிருந்தான். ஒரே மகன், கொள்ளி வைக்கப் போகிறவன். கனடாவிலிருந்து வந்து நாலாம் நாள். பக்கத்தில் அவன் கொண்டுவந்த நீளமான சிவப்புப் பை சுவரோடு சாய்ந்து கிடந்தது. அந்தப் பை கண்ணில் படும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பைக்குள் இருந்தது மீன் பிடிக்கிற கூடாரம். அவன் இருக்கிற ஊரில் மாரி காலத்தில் ஏரி முழுவதும் ஐஸாக உறைந்துவிடுமாம். அதன்மேல் நடந்துபோய், ஐஸில் துளை போட்டு, மேலே கூடாரம் விரித்து உள்ளே இருந்துகொண்டு தூண்டில் போடுவார்களாம். அப்படி ஒரு கூடாரம் வாங்க நினைத்தவன் தானே பார்த்து வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கு நாள் தவறாமல் வீடியோவில் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். குடை மாதிரி விரிகிறது, வண்டில் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது, மெல்லிய நீலம், பஞ்சு வைத்துத் தைத்த சிவப்பு. அனுஷியா மருந்துப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

டாக்டர் கேட்டால் வாய் திறக்காத மனிதன் அதற்கு மட்டும் பாதி வாயால் கதைத்தார்.

“அடி எங்கயடா?”

“அடி இல்லை அப்பா. அடியில ஐஸ். அதிலதானே துளை போடுறது.”

அப்பா சிரித்தார். பக்கவாட்டில் வழிந்த எச்சிலை அவள் துடைத்தாள். “கடலுக்குக் கூரை போடுறாங்கள்,” என்றார். “எத்தினை பேர் இருக்கலாம்?”

“ரெண்டு பேர்.”

“மற்றது ஆர்?”

“ஒருத்தரும் இல்லை அப்பா. சாமான் வைக்கலாம்தானே.”

“ரெண்டு பேர் இருக்கிற இடத்தில ஒருத்தன் வாயை மூடிக்கொண்டிருக்கோணும். இல்லாட்டி மீனும் வராது, சினேகிதமும் மிஞ்சாது. கோணேஸைக் கேள். கதவைக் காத்து வாற பக்கம் வைக்காதை.”

நல்ல கதைதான். தகப்பனும் மகனும் கதைத்துச் சிரிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அவளுக்குக் கேட்க ஒரே ஒரு விஷயம் இருந்தது. காற்று மெத்தை. கீழே மோட்டார் வைத்து, காற்று மாறி மாறி நிரம்புகிற மெத்தை. அதில் படுத்தால் புண் ஆறாவிட்டாலும் வளராது என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். டவுன் பாமசியில் சொல்லி வைத்தால் கொழும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

“அங்கத்தையச் சாமான் வாங்காதை அக்கா,” என்றான் லதீசன். “ரெண்டு கிழமையில பழுதாப் போயிடும். நான் வரேக்க நல்லதாக் கொண்டு வாறன்.”

அவள் நம்பினாள். பாமசியில் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். கார்த்திகை முழுவதும் காத்திருந்தாள், புண் காத்திருக்கவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அப்பாவுக்குச் செய்த ஒரே துரோகம் அதுதான். பதில் வந்தது. திறந்து பார்த்தால் புண்ணின் படத்துக்குக் கீழே இரண்டு கூடாரம். சிவப்போ நீலமோ என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லு அக்கா.

வந்திறங்கிய அன்று வான் வண்டியிலிருந்து முதலில் இறங்கியது இந்தச் சிவப்புப் பைதான்.

“மெத்தை?” என்று கேட்டாள், அவனை வா என்றுகூடச் சொல்லாமல்.

“நிறை கூடிப்போச்சு அக்கா. ரெண்டில ஒண்டைத்தான் பிளேனில ஏத்தலாம் எண்டிட்டாங்கள். அப்பா இதைப் பாக்கோணும் எண்டவர்...”

கேட்டது மெத்தை, கிடைத்தது கூடாரம். அவளுக்கு அந்த நேரம் வாய்க்குள் கசந்து நீர் ஊறியது. குசினிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அதற்குள் அவன் அதைக் கூடத்துக்குள்ளேயே விரித்துவிட்டான். ஒவ்வொரு பக்கமாக வெளியே இழுக்க, டக் டக்கென்று பொருந்தி, சிவப்பாகப் பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நினைவு தப்பிக்கொண்டிருந்த அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கதவு... வாடைப் பக்கம்,” என்றார். “மாத்து.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இன்று விடிய அவள் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. ஏழு மாதம் பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஒரு சொல் இல்லை. கடைசிச் சொல்லும் கூடாரத்துக்குத்தான் போயிற்று.

“என்ன பிள்ளை, யோசிக்கிறாய்?” கோணேஸ்வரன் மறுபடி கேட்டார்.

வெளியே இரண்டாவது சேலையும் காற்றில் படபடத்து வாளிக்குள் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அனுஷியா அந்தச் சிவப்புப் பையைப் பார்த்தாள். வேண்டா வெறுப்பாகத்தான் பார்த்தாள். பேதி மருந்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

“லதீ, அந்தக் கூடாரத்தை எடு.”

அவன் தலையை நிமிர்த்தினான். வெளியே எறியத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“கிணத்தடி வாங்குக்கு மேலால போடு. கதவு தெற்கால வரோணும்.”

“இது என்ன கண்டறியாத புதினம்?” மாமி மார்பில் கைவைத்தாள். “செத்த வீட்டில கூடாரமோ? ஊர் சிரிக்கப்போகுது.”

“ஊர் ஏற்கெனவே சிரிச்சாச்சு மாமி. உங்கட மகன்ர போனில லண்டனும் சிரிக்கட்டுமோ?”

கோணேஸ்வரன் அவளைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். அவருடைய மூக்கில் லேஞ்சி இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“சேலை இந்தக் காத்துக்கு நிக்காது,” என்றார் ஆம்பிளைகளைப் பார்த்து. “பிள்ளை சொல்லுறதுதான் சரி. போங்கோ, விரியுங்கோ.”

ஐஸில் திருகுகிற ஆணி மணலில் நிற்கவில்லை. ஒரு கயிற்றை முருங்கையிலும் ஒன்றைக் கிணற்றுத் தூணிலும் கட்டினார்கள். மற்றதுக்கு ஒருவர் ஓடிப்போய் வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறடிக்கு ஆறடிக் கூடாரம். வாங்கு கோணலாகத்தான் அடங்கியது. வெள்ளைத் துணியால் சுற்றிக் கொண்டுவந்த கதிரவேலை நான்கு பேரும் உள்ளே கிடத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள்.

லதீசன் உள்ளே போனான். வழக்கப்படி அடுத்ததாகக் கோணேஸ்வரன் போக வேண்டும். வள்ளத்துக் கூட்டாளி முதல் தண்ணீர் வார்ப்பது அங்கே அவர்களுக்கு மரியாதை. அவர் குனிந்து கதவை விலக்கியபோது அனுஷியா ஒரு கையில் வாளியும் மறுகையில் தன் மருந்துப் பெட்டியுமாக அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளைப் பிரேதம் குளிப்பாட்டுறதோ?” மாமி கத்தினாள்.

“இவ்வளவு நாளும் ஆர் குளிப்பாட்டினது மாமி? நீங்களோ?”

கோணேஸ்வரன் நிமிர்ந்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது. விட்டுக்கொடுப்பது அவருக்குச் சும்மா காரியம் இல்லை.

“உள்ளுக்கு ரெண்டு பேருக்குத்தான் இடம்,” என்றார். “நீ போ பிள்ளை. நான் கயிறு பிடிக்கிறன்.” கூடாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றார்.

அவள் உள்ளே போய்க் கதவுச் சிப்பை இழுத்து மூடினாள். பக்கத்து ஜன்னலில் இராகுலனின் போன் மினுங்கியது. ஜன்னல் துணியை இறக்கி ஒட்டினாள்.

உள்ளே எல்லாம் சிவப்பாக இருந்தது. அப்பாவின் முகத்தில்கூட இரத்தம் ஓடுவது போலத் தெரிந்தது. கதவு தெற்கே பார்த்ததால் துளி காற்று வரவில்லை. காற்று வராததால் மணமும் போகவில்லை. லதீசன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

“கிளவுஸ் இருக்கோ அக்கா?”

கடைசிச் சோடியை அவனிடம் எறிந்தாள். அவள் வெறுங்கையோடு நின்றாள்.

“பிரட்டு.”

அவன் தகப்பனின் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்தான். அவள் பிளாஸ்டரை நனைத்து, மெல்ல உரித்து, துணியை எடுத்தாள். அவன் பார்த்தான். பார்த்தவுடன் ஓங்காளித்தான், கை சிப்பைத் தேடிப் போனது.

“சிப்பைத் திறந்தியெண்டா வெளியில நிக்கிற முழுப்பேரும் பாப்பாங்கள்.”

கையை எடுத்தான். மூலையில் குனிந்து மணலிலேயே சத்தி எடுத்தான். அனுஷியா ஒரு சட்டித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். நல்லவேளை, கூடாரத்துக்கு அடி இல்லை.

“இவ்வளவு எண்டு நீ சொல்லேல்லையே அக்கா.”

“படம் அனுப்பினனான்.”

அவன் மறுபடி வந்து தகப்பனின் தோளைப் பிடித்தான்.

“அதுக்குக் கீழ நீ ரெண்டு கூடாரத்தைப் போட்டு, சிவப்போ நீலமோ எண்டு கேட்டனீ.”

“பாத்தனான்,” என்றான் லதீசன். கிளவுஸ் போட்ட கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல் நின்றான். “பாத்தனான் அக்கா. திரும்பத் திறக்கேக்க அது தெரியக்கூடாதெண்டுதான்... அதுக்குக் கீழ வேற என்னவும் வரோணும் எண்டுதான்...”

அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் அருவருப்புக் குறைந்துவிடவில்லை. பார்க்க முடியாத ஒன்றின் மேல் அவன் கூடாரத்தை இழுத்து விரித்திருக்கிறான். இவளோ அந்தப் புண்ணின் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். எலும்பு தெரிந்த அன்று அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் சோறு தின்றிருக்கிறாள்.

“தண்ணி வார்,” என்றாள்.

வார்த்தான். எண்ணெயும் அரப்பும் வைத்துத் தலையை அவள் தேய்த்தாள். ஒரு கையும் காலும் வீங்கி, மறு கையும் காலும் சூம்பியிருந்தன. தண்ணீர் மஞ்சளாக ஓடி மணலுக்குள் இறங்கியது. காதுக்குப் பின்னால், விரலிடுக்கில், கடைசியாகப் புண்ணைச் சுற்றி. வெளியே கோணேஸ்வரன் கயிற்றை இழுத்துப் பிடிக்கும்போது கூரை அசைந்து மழைநீர் சரிகிற சத்தம் வந்தது.

பெட்டியைத் திறந்து புதுத் துணி எடுத்தாள். புண்ணுக்குள் மருந்துத் துணியை அளவாக மடித்து வைத்து, மேலே பஞ்சு வைத்து, பிளாஸ்டரை நான்கு பக்கமும் நேராக ஒட்டினாள்.

“இனி என்னத்துக்கு அக்கா இது?”

“பிடி,” என்றாள். அவன் பிடித்தான். பிளாஸ்டரின் ஓரங்களை உள்ளங்கையால் அழுத்திச் சூடு காட்டினாள். அப்போதுதான் அது கழலாது.

வேட்டியை இறுக்கி உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியபின் அவளே சிப்பைத் திறந்தாள். மாமி கழுத்தை நீட்டினாள். வெள்ளை வேட்டியைத் தவிர அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இராகுலன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். லண்டனுக்கும் அதுதான் கிடைத்தது.

சுடலையிலிருந்து ஆம்பிளைகள் திரும்பியபோது மழை சற்று விட்டிருந்தது. விடிந்தால் கடலுக்குப் போகலாம் என்ற நினைப்பில் கரையிலிருந்து இயந்திரம் ஒன்றைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. வீடு கழுவியாயிற்று. குளிப்பாட்டிய வாளியும் சட்டியும் வேலிக்கு வெளியே போயின. பிரேதத்துக்குப் பாவித்த சாமான் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. கூடாரம் மட்டும் கிணற்றடியில் அப்படியே நின்றது.

“விலை கூடின சாமான், ஆருக்கும் குடுக்கலாம்,” என்றாள் மாமி வான் வண்டியில் ஏறுமுன். பிறகு தானே, “பிரேதம் குளிப்பாட்டினதை ஆர்தான் எடுப்பினம்,” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

மீசை வழித்த முகத்தோடு லதீசன் கிணற்றடிக்குப் போனான். ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளே தள்ள, கூடாரம் அடங்கிச் சரிந்தது. அடி ஓரத் துணி முழுவதும் அரப்பும் மணலும் மஞ்சளும் அப்பியிருந்தன. அந்த மணமும் அதில் இருந்தது. குசினியிலிருந்து வேறொரு வாளியைக் கொண்டுவந்து கிணற்றில் அள்ளினான்.

“நல்லாக் கழுவினா இதைக் கொண்டு போகலாம் அக்கா,” என்றான், அவளைப் பார்க்காமல். “ஐஸுக்கு மேல போட...”

குசினி வாசலில் நின்ற அனுஷியா இறங்கி வந்தாள். வாளியைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தாள்.

“கழுவாதை,” என்றாள். “அப்படியே கொண்டு போ.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. வாளித் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றினான். ஈரத்தோடும் மண்ணோடும் கூடாரத்தை அப்படியே மடித்து, பைக்குள் தள்ளி, மேலே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு சிப்பை இழுத்தான்.

முற்றம் முழுவதும் நனைந்து கிடந்தது. கூடாரம் நின்ற இடம் மட்டும் மழைத் தடம் இல்லாமல், வாங்கின் நாலு கால் குழிகளோடு சதுரமாகத் தெரிந்தது. மறுபடியும் தூறத் தொடங்கியது. குழிகளில் தண்ணீர் சேரும்வரை அனுஷியா அங்கேயே நின்றாள்.